செருகுநிரல் பாதுகாப்புக் குறைபாடுகளும் அவற்றின் கடுமை மதிப்பீடும்

செருகுநிரல் பாதுகாப்புக் குறைபாடு என்பது, ஓர் இணையதளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கப்படும் சிறு மென்பொருளில் உள்ள பிழையாகும். உரிமை இல்லாத ஒருவர் அந்தப் பிழையின் வழியே தளத்தின் தகவல்களைப் படிக்கவோ மாற்றவோ முடியும். சில வேளைகளில் தளத்தையே கைப்பற்றவும் முடியும். இத்தகைய குறைபாடுகள் ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவான ஓர் எண் வழங்கப்படுகிறது. அதன் கடுமை 0 முதல் 10 வரையுள்ள மதிப்பெண்ணால் குறிக்கப்படுகிறது.

இந்த மதிப்பெண் குறைபாட்டின் தன்மையை அளக்கிறதே தவிர, ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு உள்ள ஆபத்தை அளப்பதில்லை. ஒரே மதிப்பெண் பெற்ற இரு குறைபாடுகளில் ஒன்று ஒரு தளத்துக்குப் பெருங்கேடாகவும் மற்றொன்று பொருட்படுத்தத் தேவையற்றதாகவும் இருக்கலாம். ஆகவே மதிப்பெண் எவ்வாறு உருவாகிறது, அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற இரண்டையும் அறிந்திருப்பது தளம் நடத்துவோருக்கு இன்றியமையாதது. இக்கட்டுரை, செருகுநிரல்கள் மிகுதியாகப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

செருகுநிரல் செயல்படும் விதம்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் இதன் முதல் பதிப்பை 2003 மே 27 அன்று வெளியிட்டனர். உலகில் உள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை இன்று இதில் இயங்குகின்றன. 2004 மே மாதம் வெளிவந்த 1.2 பதிப்பில் செருகுநிரல் வசதி சேர்க்கப்பட்டது. இதன் மூலம், மூல மென்பொருளின் நிரல்வரிகளைத் தொடாமலேயே பிறர் புதிய வசதிகளைச் சேர்க்க வழி பிறந்தது. தொடர்புப் படிவம், படக் காட்சி, இணையக் கடை, காப்புப்படி எடுத்தல் என எல்லாவற்றுக்கும் செருகுநிரல்கள் உள்ளன. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வ அடைவில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலவசச் செருகுநிரல்கள் கிடைக்கின்றன.

வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது பல இடங்களில் 'கொக்கி' எனப்படும் நிறுத்தங்கள் இருக்கும். செருகுநிரல் தன் நிரலை அந்தக் கொக்கிகளில் மாட்டிவிடுகிறது. பக்கம் உருவாகும்போது அந்த நிரலும் சேர்ந்து இயங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செருகுநிரலுக்கென்று தனி அறை எதுவும் இல்லை. மூல மென்பொருளுக்கு உள்ள அதே அதிகாரத்துடன் அதுவும் இயங்குகிறது. தரவுத்தளத்தைப் படிக்கவும், கோப்புகளை எழுதவும், பயனர்களை உருவாக்கவும் அதனால் முடியும். பத்து வரி நிரல் கொண்ட சிறிய செருகுநிரலில் ஏற்பட்ட பிழையும் முழுத் தளத்தையும் பாதிப்பதற்கு இதுவே காரணம்.

மூல மென்பொருளைப் பலர் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகின்றனர். செருகுநிரல்களில் பலவற்றை ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் எழுதுகின்றனர். இந்த வேறுபாடு கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. பேட்ச்ஸ்டாக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் வேர்ட்பிரஸ் சார்ந்து 7,966 புதிய குறைபாடுகள் பதிவாயின. அவற்றில் 96 விழுக்காடு செருகுநிரல்களில் இருந்தவை. மூல மென்பொருளில் இருந்தவை ஏழு மட்டுமே.

குறைபாடுகளின் வகைகள்

பெரும்பாலான குறைபாடுகள் இரண்டு தவறுகளிலிருந்து பிறக்கின்றன. வெளியிலிருந்து வரும் தரவை அப்படியே நம்பிவிடுவது ஒன்று. ஒரு செயலைச் செய்யச் சொல்பவருக்கு அதற்கான உரிமை உண்டா என்று கேட்காமல் விடுவது மற்றொன்று.

குறுக்குத்தள நிரலிடல்: வாசகர் கருத்துப் பெட்டியில் எழுத்துகளுக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இடுகிறார் என்று கொள்வோம். செருகுநிரல் அதைத் தூய்மைப்படுத்தாமல் சேமித்துக் காட்டினால், அப்பக்கத்தைத் திறப்பவரின் உலாவியில் அந்த நிரல் இயங்கும். திறப்பவர் நிர்வாகி என்றால், அவருடைய அதிகாரத்தில் புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கவும் அதனால் முடியும். செருகுநிரல்களில் மிக அதிகமாகக் காணப்படும் வகை இது.

எஸ்.கியூ.எல். உட்செலுத்தல்: தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் கட்டளையில் பயனர் தந்த சொல்லை அப்படியே ஒட்டுவதால் உண்டாவது. தாக்குபவர் தம் சொல்லுக்குள் கட்டளையின் ஒரு பகுதியை மறைத்துவைத்து, பயனர் பட்டியல், கடவுச்சொற்களின் மறைவடிவம் போன்றவற்றைப் பெறலாம்.

உரிமைச் சரிபார்ப்பு இல்லாமை: இதற்குப் பெயர்பெற்ற காரணம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸில் 'இஸ்_அட்மின்' என்றொரு செயல்கூறு இருக்கிறது. பெயரைப் பார்த்தால் 'இவர் நிர்வாகியா?' என்று கேட்பதுபோல் தோன்றும். உண்மையில் 'கோரப்படுவது நிர்வாகப் பகுதிப் பக்கமா?' என்று மட்டுமே அது கேட்கிறது. நிர்வாகப் பகுதியின் சில முகவரிகளை உள்நுழையாத பார்வையாளரும் அழைக்க முடியும். ஆகவே இதை உரிமைச் சரிபார்ப்பாக எண்ணி எழுதப்பட்ட செருகுநிரல்களில் கதவு திறந்தே கிடக்கிறது. இவருக்கு இந்தச் செயலைச் செய்யும் உரிமை உண்டா என்று கேட்பதற்கு 'கரன்ட்_யூசர்_கேன்' என்னும் வேறு செயல்கூறு உள்ளது.

குறுக்குத்தளக் கோரிக்கை மோசடி: உள்நுழைந்திருக்கும் நிர்வாகியை ஒரு இணைப்பைச் சொடுக்கவைத்து, அவர் அறியாமலே அவருடைய பெயரில் ஒரு செயலை நிகழ்த்துவது. ஒவ்வொரு படிவத்துடனும் குறுகிய கால அடையாளக் குறி ஒன்றைச் சேர்த்து அனுப்புவது இதைத் தடுக்கும்.

தடையற்ற கோப்புப் பதிவேற்றம்: படம் மட்டுமே ஏற்க வேண்டிய இடத்தில் பி.எச்.பி. நிரல்கோப்பையும் ஏற்றுக்கொள்வது. பதிவேறிய நிரலைத் தாக்குபவர் உலாவியில் அழைத்த உடனே வழங்கி அவர் கட்டளைக்கு உட்பட்டுவிடும். விளைவில் மிகக் கொடியது இவ்வகையே.

பொது எண் வழங்கும் முறை

ஒரே குறைபாட்டை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் அழைத்த குழப்பத்தைத் தீர்க்க, 1999இல் அமெரிக்காவின் மைட்டர் அமைப்பு சி.வி.இ. எனப்படும் பொதுப் பட்டியலைத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான முதல் பட்டியலில் 321 பதிவுகள் இருந்தன. ஒவ்வொரு பதிவும் சி.வி.இ-2020-25213 என்பது போன்ற வடிவில் இருக்கும். நடுவில் இருப்பது எண் ஒதுக்கப்பட்ட அல்லது குறைபாடு வெளியான ஆண்டு. குறைபாடு நிரலில் நுழைந்த ஆண்டு அதுவன்று. இறுதியில் இருப்பது வரிசை எண்.

எண்களை மைட்டர் மட்டுமே வழங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. வேர்ட்பிரஸ் துறையில் வேர்ட்ஃபென்ஸ், பேட்ச்ஸ்டாக், டபிள்யூ.பி.ஸ்கேன் ஆகிய மூன்றும் எண் வழங்குவதுடன் தேடத்தக்க தரவுத்தளங்களையும் நடத்துகின்றன. இந்தியாவில் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பும் எண் வழங்கும் அங்கீகாரம் பெற்றது.

அமெரிக்கத் தரநிலை நிறுவனம் நடத்தும் என்.வி.டி. என்னும் தேசியத் தரவுத்தளம், சி.வி.இ. பதிவுகளை ஆராய்ந்து மதிப்பெண் சேர்த்துவந்தது. 2024 பிப்ரவரி முதல் அப்பணி பெரிதும் தேங்கியது. எண் இருந்தும் மதிப்பெண் இல்லாத பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2025 ஏப்ரலில், சி.வி.இ. பட்டியலை நடத்த மைட்டருக்கு அமெரிக்க அரசு தந்த ஒப்பந்தம் முடியும் தறுவாய்க்கு வந்து, கடைசி நேரத்தில் நீட்டிக்கப்பட்டது. உலகமே நம்பியிருக்கும் ஒரு பட்டியல் ஒரு நாட்டின் நிதியை மட்டும் சார்ந்திருப்பது பற்றிய கவலையை இந்நிகழ்வு எழுப்பியது.

கடுமை மதிப்பெண்

கடுமையை அளக்கப் பயன்படும் முறை சி.வி.எஸ்.எஸ். எனப்படுகிறது. இதன் முதல் பதிப்பு 2005இல் வெளியானது. அதன்பின் ஃபர்ஸ்ட் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு இதைப் பேணிவருகிறது. 2007இல் இரண்டாம் பதிப்பும், 2015இல் 3.0 பதிப்பும், 2019இல் 3.1 பதிப்பும், 2023 நவம்பரில் 4.0 பதிப்பும் வந்தன. செருகுநிரல் பதிவுகளில் பெரும்பாலும் காணப்படுவது 3.1 பதிப்பின் மதிப்பெண்ணே.

மதிப்பெண்களின் தரநிலைகள் பின்வருமாறு:

0.1 முதல் 3.9 வரை: குறைவு
4.0 முதல் 6.9 வரை: நடுத்தரம்
7.0 முதல் 8.9 வரை: உயர்வு
9.0 முதல் 10.0 வரை: மிகக் கடுமை

3.1 பதிப்பின் அடிப்படை மதிப்பெண் எட்டுக் கேள்விகளுக்கான விடைகளிலிருந்து கணக்கிடப்படுகிறது.

1. தாக்குபவர் எங்கிருந்து தாக்கலாம்? இணையம் வழியாகவா, அருகிலுள்ள வலையமைப்பிலிருந்தா, அந்தக் கணினியில் இருந்துகொண்டா, அதைக் கையால் தொட்டா?
2. தாக்குதல் எளிதா, அரிதான சூழல் தேவையா?
3. முன்கூட்டியே எந்த அளவு பயனர் உரிமை வேண்டும்? ஒன்றும் வேண்டாமா, சாதாரணக் கணக்கு போதுமா, நிர்வாகி உரிமை வேண்டுமா?
4. வேறொருவர் எதையாவது சொடுக்க வேண்டுமா?
5. பாதிப்பு அந்த மென்பொருளோடு நிற்குமா, அதைத் தாண்டியும் பரவுமா?
6. தகவலின் மறைவுத்தன்மை எவ்வளவு கெடும்?
7. தகவலின் நம்பகத்தன்மை எவ்வளவு கெடும்?
8. தளம் இயங்குவது எவ்வளவு கெடும்?

ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குறைபாடு இணையம் வழியாகத் தாக்கத்தக்கது; எளிதானது; கணக்கு எதுவும் தேவையில்லை; யாரும் சொடுக்க வேண்டியதில்லை; மூவகைக் கேடும் முழுமையாக உண்டு; பாதிப்பு வெளியே பரவவில்லை. தாக்குதல் எளிமைக்கான பகுதி 8.22 × 0.85 × 0.77 × 0.85 × 0.85 = 3.887. இப்பெருக்கலில் 8.22 நிலையான எண். மற்ற நான்கும் முதல் நான்கு கேள்விகளின் விடைகளுக்கு உரியவை. விளைவுக்கான பகுதி இங்கே 5.873. இரண்டையும் கூட்டினால் 9.76. இதை ஒரு தசம இடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் 9.8 கிடைக்கிறது. செருகுநிரல் எச்சரிக்கைகளில் 9.8 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் இதுவே.

இப்போது மூன்றாம் கேள்வியின் விடையை மட்டும் மாற்றுவோம். சாதாரணப் பயனர் கணக்கு ஒன்று தேவை என்றால் மதிப்பெண் 8.8 ஆகிறது. நிர்வாகி உரிமை தேவை என்றால் 7.2 ஆகிறது. கேடு மூன்றிலும் ஒன்றே. உள்ளே வருவதற்கான நுழைவுச்சீட்டு மட்டுமே வேறு.

ஒரே எண், இரு பொருள்

மேலே கண்ட 7.2 மதிப்பெண்ணுக்கு மற்றொரு வழியும் உண்டு. உள்நுழையாத பார்வையாளர் ஒருவர் ஒரு படிவத்தின் வழியே நிரலைப் புகுத்தி, அதைத் தளத்தில் சேமிக்கவைக்க முடிகிறது என்று கொள்வோம். கணக்கு தேவையில்லை; பாதிப்பு பார்ப்பவரின் உலாவிக்குப் பரவுகிறது; ஆனால் மறைவுத்தன்மைக்கும் நம்பகத்தன்மைக்கும் நேரும் கேடு 'சிறிது' என்றே குறிக்கப்படுகிறது. இதன் மதிப்பெண்ணும் 7.2 தான்.

முதலாவது குறைபாட்டைப் பயன்படுத்தத் தாக்குபவர் ஏற்கெனவே நிர்வாகியாக இருக்க வேண்டும். ஒருவரே நடத்தும் தளத்தில் அது ஏறக்குறைய நிகழாத ஒன்று. இரண்டாவதை உலகில் யார் வேண்டுமானாலும் தானியங்கி நிரல் கொண்டு ஆயிரம் தளங்களில் ஒரே இரவில் முயலலாம். பட்டியலில் இரண்டும் 'உயர்வு' என்ற ஒரே தரநிலையில் அருகருகே நிற்கும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எண்ணுடன் தரப்படும் எட்டு விடைகளின் சுருக்கக் குறியைப் படிப்பவருக்குத் தெரியும்.

தளத்தின் சூழலும் மதிப்பெண்ணின் பொருளை மாற்றிவிடுகிறது. 'சாதாரணக் கணக்கு தேவை' என்பதால் ஒரு குறைபாடு 8.8 பெறுகிறது. இணையக் கடை போன்று யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம் என்று அனுமதிக்கும் தளத்தில் அந்தத் தடை தடையே அன்று. அங்கே அது 9.8க்கு ஒப்பானது. ஆசிரியர் ஒருவர் மட்டுமே கணக்கு வைத்திருக்கும் பள்ளித் தளத்திலோ அதே குறைபாடு தாக்குபவருக்கு எளிதில் பயன்படாது.

அடிப்படை மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஆபத்தை முடிவுசெய்யக் கூடாது என்பதை ஃபர்ஸ்ட் அமைப்பே வலியுறுத்துகிறது. காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மதிப்பெண்ணைத் திருத்தும் கூடுதல் அளவீடுகள் சி.வி.எஸ்.எஸ். முறையிலேயே உள்ளன. நடைமுறையில் அவற்றை நிரப்புவோர் குறைவு.

இக்குறையை ஈடுசெய்ய இரண்டு வேறு அளவைகள் பயன்படுகின்றன. ஒன்று, ஃபர்ஸ்ட் அமைப்பு வெளியிடும் இ.பி.எஸ்.எஸ்.; அடுத்த 30 நாட்களில் ஒரு குறைபாடு தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் வாய்ப்பை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் அது மதிப்பிடுகிறது. மற்றொன்று, அமெரிக்காவின் சிசா அமைப்பு 2021 நவம்பர் முதல் வெளியிடும் கே.இ.வி. பட்டியல், உண்மையாகவே தாக்குதலில் பயன்பட்டது உறுதியான குறைபாடுகள் மட்டும் அதில் இடம்பெறும். கடுமை எவ்வளவு என்பதை சி.வி.எஸ்.எஸ். சொல்கிறது, தாக்குவார்களா என்பதை இ.பி.எஸ்.எஸ். கணிக்கிறது, தாக்கினார்களா என்பதைக் கே.இ.வி. பதிவுசெய்கிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

ஸ்லைடர் ரெவல்யூஷன், 2014: படங்களை வரிசையாக நகர்த்திக் காட்டும் இந்தக் கட்டணச் செருகுநிரலில், வழங்கியிலுள்ள எந்தக் கோப்பையும் பதிவிறக்க இடம்தரும் ஓட்டை இருந்தது. தரவுத்தளக் கடவுச்சொல் எழுதப்பட்டுள்ள அமைவுக் கோப்பும் இதில் அடங்கும். 2014 பிப்ரவரியில் உருவாக்கியோர் இதை அறிவிப்பின்றித் திருத்தினர். ஆனால் இச்செருகுநிரல் பல 'தீம்'களுடன் சேர்த்தே விற்கப்பட்டிருந்தது. அப்படிப் பெற்றவர்களில் பலருக்குத் தம் தளத்தில் இது இருப்பதே தெரியாது. தானாகப் புதுப்பிக்கும் வழியும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் 'சோக்சோக்' என்ற தீநிரல் இவ்வழியே பரவியது. கூகுள் 11,000க்கும் மேற்பட்ட தளங்களை ஆபத்தானவை எனத் தடைப்பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வெளிவந்து பத்து மாதங்கள் ஆன பின்பு நேர்ந்த கேடு இது.

ஃபைல் மேனேஜர், 2020: ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த செருகுநிரல். இதனுள் பயன்பட்ட 'எல்ஃபைண்டர்' என்ற கட்டற்ற நூலகத்தில் ஒரு மாதிரிக் கோப்பு இருந்தது. நேரடியாக இயங்காதபடி வேறு பின்னொட்டுடன் வைக்கப்பட்டிருந்த அக்கோப்பின் பெயர், செருகுநிரலில் இயங்கும் பி.எச்.பி. கோப்பாக மாற்றப்பட்டிருந்தது. இதனால் உள்நுழையாத எவரும் கோப்புகளைப் பதிவேற்ற முடிந்தது. பின்லாந்தின் செராவோ நிறுவனம் தன் வாடிக்கையாளர் தளங்களில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தது. செப்டம்பர் 1 அன்றே திருத்தப் பதிப்பு 6.9 வெளியானது. திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்ட நிகழ்வு இது. உள்ளே புகுந்த சிலர், வேறு தாக்குநர்கள் வராதபடி அந்த ஓட்டைக்குத் தாங்களே கடவுச்சொல் பூட்டும் போட்டனர். சி.வி.இ-2020-25213 என்னும் இக்குறைபாடு கே.இ.வி. பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

வூகாமர்ஸ் பேமெண்ட்ஸ், 2023: இணையக் கடைகளில் பணம் பெற உதவும் செருகுநிரல். கோரிக்கையுடன் அனுப்பப்படும் ஒரு தலைப்புவரியில் பயனர் எண்ணை எழுதினால், அனுப்புபவரை அந்தப் பயனராகவே செருகுநிரல் ஏற்றுக்கொண்டது. நிர்வாகியின் எண்ணை எழுதினால் நிர்வாகி. மதிப்பெண் 9.8. மார்ச் 23 அன்று திருத்தம் வந்தது; வேர்ட்பிரஸ் குழு அதைத் தளங்களில் கட்டாயமாகவும் செலுத்தியது. தொழில்நுட்ப விளக்கம் வெளியான பின், ஜூலை நடுப்பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. உச்சநாளில் 1,57,000 தளங்கள்மீது 13 இலட்சம் முயற்சிகளை வேர்ட்ஃபென்ஸ் பதிவுசெய்தது. இடையில் ஏறக்குறைய நான்கு மாத அவகாசம் இருந்தது. புதுப்பித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

லைட்ஸ்பீட் கேஷ், 2024: ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்ட செருகுநிரல். பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கிச் சேமிப்பதற்காக ஒரு பயனரைப்போல் நடிக்கும் வசதி இதில் உண்டு. அந்த வசதியைக் காத்த இரகசியக் குறி, அது உருவான நொடியின் நுண்பகுதியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அதற்குப் பத்து இலட்சம் மதிப்புகளுக்கு மேல் வாய்ப்பில்லை. நொடிக்கு மூன்று என்ற மெதுவான வேகத்தில் முயன்றாலும் நான்கு நாட்களுக்குள் எல்லா மதிப்புகளையும் சோதித்துவிடலாம். ஆகஸ்ட் 13 அன்று 6.4 பதிப்பில் இது திருத்தப்பட்டது. மதிப்பெண் 9.8.

ரியலி சிம்பிள் செக்யூரிட்டி, 2024: நாற்பது இலட்சம் தளங்களில் இருந்த இச்செருகுநிரலின் நோக்கமே தளத்தைப் பாதுகாப்பதுதான். இதன் இருபடிச் சரிபார்ப்புப் பகுதியில், அடையாளக் குறி தவறு என்று கண்டறிந்து பிழைச்செய்தி உருவாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பிழைச்செய்தியை யாரும் பொருட்படுத்தாமல் நிரல் தொடர்ந்து ஓடி, பயனரை உள்ளே விட்டது. வாயிற்காவலர் 'அனுமதி இல்லை' என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்ததுபோன்ற நிலை. மதிப்பெண் 9.8. எனினும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய தளங்கள் மட்டுமே இதற்கு ஆளாயின. கூடுதல் கவனத்துடன் அந்த வசதியை இயக்கியவர்களுக்கே ஆபத்து நேர்ந்தது. இந்த நிபந்தனை 9.8 என்ற எண்ணில் தெரிவதில்லை. நவம்பர் 14 அன்று குறைபாடு வெளியிடப்பட்டது. 9.1.2 பதிப்பு கட்டாயமாகச் செலுத்தப்பட்டது.

கண்டறிதல் முதல் வெளியிடல் வரை

குறைபாட்டைக் கண்டறிந்தவர் முதலில் அதை உருவாக்கியவருக்குத் தனியாகத் தெரிவிப்பதும், திருத்தம் வரும்வரை விவரங்களை வெளியிடாமல் இருப்பதும் பொறுப்பான வெளியிடல் எனப்படும். உருவாக்கியவர் பதில் தராவிட்டால் வேர்ட்பிரஸ் செருகுநிரல் குழுவிடம் முறையிடலாம். அக்குழு அடைவிலிருந்து செருகுநிரலை நீக்கிவைக்கும். கண்டறிவோருக்குப் பரிசுத்தொகை வழங்கும் திட்டங்களும் உண்டு. லைட்ஸ்பீட் கேஷ் குறைபாட்டைக் கண்டறிந்தவருக்குப் பேட்ச்ஸ்டாக் 14,400 அமெரிக்க டாலர் வழங்கியது.

திருத்தம் வெளியானவுடன் ஓட்டப்பந்தயம் ஒன்று தொடங்குகிறது. கட்டற்ற மென்பொருளில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் எல்லார் கையிலும் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வரி மாறியது, ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் என்பது புதுப்பித்தவருக்குக் கவசமாகவும், புதுப்பிக்காதவரைத் தாக்க நினைப்பவருக்கு வழிகாட்டியாகவும் ஒரே வேளையில் அமைகிறது.

இதனாலேயே தானியங்கிப் புதுப்பித்தல் முதன்மை பெற்றது. 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் தன் சிறு பதிப்புகளைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. செருகுநிரல்களுக்கு அந்த வசதியை நிர்வாகப் பக்கத்திலேயே இயக்கும் வழி 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது. ஃபைல் மேனேஜர் தாக்குதல் அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின் நடந்தது.

கைவிடப்பட்டவையும் கைமாறியவையும்

திருத்தமே வராத செருகுநிரல்களும் உண்டு. உருவாக்கியவர் ஆர்வம் இழந்து விட்டுவிட்டால் குறைபாடு அப்படியே நீடிக்கும். அடைவிலிருந்து நீக்கப்பட்ட செருகுநிரலைப் புதிதாக யாரும் பதிவிறக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே நிறுவப்பட்ட தளங்களில் அது தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கும். புதுப்பிப்பு எதுவும் வராததைக் கண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தளம் நடத்துபவர் எண்ணிவிடக் கூடும்.

மற்றோர் ஆபத்து உரிமை கைமாறுவது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தளங்களில் இருந்த டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரல் 2017இல் விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் வெளியிட்ட பதிப்புகளில், தளங்களில் விளம்பரப் பக்கங்களைப் புகுத்த உதவும் இரகசிய வழி சேர்க்கப்பட்டிருந்தது. அடைவிலிருந்து பலமுறை நீக்கப்பட்டு, இறுதியில் அது நிலையாக நீக்கப்பட்டது. இங்கே ஓட்டை பிழையால் வந்ததன்று. புதுப்பிப்பின் வழியாகவே வந்தது.

தளம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

சிறிய தளத்தை யார் தாக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. தாக்குதல்களில் பெரும்பாலானவை ஆளைப் பார்த்து நடப்பவை அல்ல. குறிப்பிட்ட செருகுநிரல் இருக்கிறதா என்று தானியங்கி நிரல்கள் இணையம் முழுதும் தேடுகின்றன. ஊராட்சிப் பள்ளியின் தளமும் பெருநிறுவனத் தளமும் அவற்றுக்கு ஒன்றே. கைப்பற்றப்பட்ட தளம் மோசடிப் பக்கங்களைக் காட்டவும், எரிதங்களை அனுப்பவும், பிற தளங்களைத் தாக்கவும் பயன்படுகிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்த கட்டுரைகளும் படங்களும் அழிந்துபோவதும் உண்டு.

- நிறுவியுள்ள செருகுநிரல்கள் அனைத்தையும் பதிப்பு எண்ணுடன் பட்டியலிட்டு வைக்க வேண்டும். தீமுடன் சேர்ந்து வந்தவற்றையும் அதில் சேர்க்க வேண்டும்.
- பயன்படுத்தாதவற்றை நீக்கிவிட வேண்டும். செயலிழக்கச் செய்தால் மட்டும் போதாது. கோப்புகள் வழங்கியில் இருக்கும்வரை அவற்றை நேரடியாக அழைக்கும் வாய்ப்பு உள்ளது.
- தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவைப்பதும், புதுப்பிப்பால் தளம் பழுதானால் மீட்பதற்குக் காப்புப்படியைத் தளம் இருக்கும் வழங்கிக்கு வெளியே வைத்திருப்பதும் நன்று.
- ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாத செருகுநிரல் இன்னும் அடைவில் உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் மாற்றைத் தேட வேண்டும்.
- எச்சரிக்கை ஒன்றைக் கண்டால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: நம் தளத்தில் அந்தப் பதிப்பு உள்ளதா? தாக்க எந்த உரிமை தேவை? அந்த உரிமையை நம் தளத்தில் யார் பெறலாம்? தொடர்புடைய வசதியை நாம் இயக்கியுள்ளோமா? தாக்குதல் ஏற்கெனவே நடக்கிறதா?

இறுதிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால், மதிப்பெண் 5 ஆயினும் அன்றே புதுப்பிக்க வேண்டும். திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கியிருந்தால் புதுப்பித்தல் மட்டும் போதாது. அறிமுகமில்லாத நிர்வாகிக் கணக்குகள் உள்ளனவா, படங்கள் இருக்க வேண்டிய கோப்புறையில் பி.எச்.பி. கோப்புகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். கதவைப் பூட்டுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவரைப் புதிய பூட்டு வெளியேற்றாது.